உயிர்வாழ் சான்றிதழும் தேய்ந்த கைரேகையும்
முதியோர் நலனில் இணைப்புத் தொழில்நுட்பத்தின் பங்கு

ஓய்வூதியம் பெறும் ஒருவர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுக்கொருமுறை மெய்ப்பித்தாக வேண்டும். அரசுப் பணம் உரியவரைத் தவிரப் பிறர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. இதன் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் இவ்விதியின் சுமை யார்மீது விழுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சான்று கேட்பது அலுவலகம். அதைக் கொண்டுவர வேண்டியவரோ எழுபது, எண்பது வயதைக் கடந்தவர். மூட்டுவலியும் கண் மங்கலும் உள்ள ஒருவர் பேருந்து ஏறி, வங்கியில் காத்திருந்து, தம்மைக் காட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. படுக்கையில் இருப்பவருக்கு அதுவும் இயலாது.

கணினி வலைப்பின்னல், கைபேசி, ஆதார் எண் ஆகிய மூன்றும் சேர்ந்து இப்பயணத்தைப் பலருக்குத் தேவையற்றதாக்கியுள்ளன. அதே வேளையில், முன்பு இல்லாத புதிய இடர்ப்பாடுகளையும் அவை தோற்றுவித்திருக்கின்றன. முதியோருக்குத் தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் துணைநிற்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை அறிந்துகொள்ள இச்சான்றிதழின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும்.

முதியோர் தொகை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10 கோடியே 40 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் இது 8.6 சதவீதம். இவர்களில் பெண்கள் 5 கோடியே 30 லட்சம். ஆண்கள் 5 கோடியே 10 லட்சம். நூற்றுக்கு 71 பேர் கிராமங்களில் வாழ்ந்தனர்.

இத்தொகையைக் காட்டிலும் கருத்தில் கொள்ளத்தக்கவை வேறு இரு விவரங்கள். முதியோரில் எழுத்தறிவு பெற்றவர்கள் 44 சதவீதமே. ஆண்களில் 59 சதவீதம், பெண்களில் 28 சதவீதம். அடுத்து, கிராமப்புற முதிய ஆண்களில் 66 சதவீதத்தினரும், முதிய பெண்களில் 28 சதவீதத்தினரும் அப்போதும் உழைத்துக்கொண்டிருந்தனர். அதாவது, இந்நாட்டின் முதியோரில் பலர் ஓய்வெடுத்துக்கொண்டிருப்பவர் அல்லர். மண்வெட்டி பிடிப்பவர், களை எடுப்பவர், மாடு மேய்ப்பவர். திரையில் தோன்றும் எழுத்தைப் படிக்க இயலாதவர்களும், கையின் தோல் காய்த்துப் போனவர்களும் இவர்களில் மிகப் பலர். தொழில்நுட்பத் திட்டங்களை வகுப்போர் மனக்கண்ணில் கொள்ள வேண்டிய முதியவர் இவரே. ஆனால் விளம்பரப் படங்களில் காணப்படுபவர் கையில் கைபேசியுடன் சாய்வு நாற்காலியில் புன்னகைக்கும் வேறொருவர்.

நவம்பர் மாதத்து வரிசை

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம் என்ற சலுகை 2019இல் வந்தது. எல்லோரும் ஒரே மாதத்தில் வங்கிக்கு வருவதனால் ஏற்படும் நெரிசலில் மிக முதியோர் சிக்கிக்கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தோருக்கு இந்த மாதக் கட்டுப்பாடும் இல்லை. அவர்கள் ஆண்டின் எந்த நாளிலும் சான்றிதழ் அளிக்கலாம். அது அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். கருவி எதுவும் வாங்காமல், ஒரு விதியை மாற்றியதன் மூலமாகவே வரிசையைக் குறைத்த ஏற்பாடு இது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

2014ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு உயிர்வாழ் சான்றிதழ்த் திட்டம் தொடங்கப்பட்டது. இது இயங்கும் முறை எளியது. ஓய்வூதியர் தமது ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றைத் தெரிவிக்கிறார். கைரேகையோ கருவிழியோ கருவியில் பதிவு செய்யப்படுகிறது. அப்பதிவு வலைப்பின்னல் வழியாக ஆதார் ஆணையத்தின் தரவகத்துக்குச் சென்று, அங்கே முன்பு பதிந்து வைக்கப்பட்டதுடன் ஒப்பிடப்படுகிறது. இரண்டும் பொருந்தினால் சான்றிதழுக்குரிய எண் ஒன்று உருவாகிக் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. ஓய்வூதியம் வழங்கும் வங்கியோ அலுவலகமோ அச்சான்றிதழை மையச் சேமிப்பிலிருந்து நேரே எடுத்துக்கொள்கிறது. காகிதம் கைமாறுவதில்லை.

இம்முறையில் பொதுவாகக் கவனிக்கப்படாத ஒரு நுட்பம் உண்டு. எண் உருவாகிவிட்டதனாலேயே சான்றிதழ் ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருளாகாது. ஓய்வூதிய ஆணை எண்ணிலோ கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் பிழையாகப் பதியப்பட்டிருந்தால், வழங்கும் அலுவலகம் அதனைத் தள்ளிவிடக்கூடும். விரலை வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிய முதியவர், அடுத்த மாதம் பணம் வராதபோதுதான் இதை அறிகிறார். சான்றிதழ் ஏற்கப்பட்டதா என்பதை ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்த்தல் அவசியம். மறுமணம் செய்துகொண்டவர்களும், மீண்டும் பணியில் அமர்ந்தவர்களும் மின்னணுச் சான்றிதழைப் பயன்படுத்த இயலாது. அவர்கள் பழைய முறையிலேயே விவரம் அளித்தாக வேண்டும். மற்றவர்களும் விரும்பினால் காகிதச் சான்றிதழையே அளிக்கலாம். மின்னணு முறை வந்ததனால் பழைய வழி அடைபடவில்லை.

2020 நவம்பரில் இத்திட்டம் அஞ்சல்காரரின் கைக்கு வந்தது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இந்திய அஞ்சல் பண வங்கியின் வாயிலாக, அஞ்சல்காரரும் கிராம அஞ்சல் ஊழியரும் கைபேசியையும் கைரேகைக் கருவியையும் எடுத்துக்கொண்டு ஓய்வூதியரின் வீட்டுக்கே சென்று சான்றிதழைப் பதிவு செய்கின்றனர். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. அவற்றில் பெரும் பகுதி கிராமங்களில் இருப்பவை. வலைப்பின்னலை ஊர்க்கோடிவரை கொண்டு சேர்க்கப் புதிதாக ஓர் அமைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சென்றுகொண்டிருந்தது.

ரேகை தேயும்போது

ஆதார் எண் முதன்முதலாக 2010 செப்டம்பர் 29ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்ப்லி என்னும் பழங்குடிக் கிராமத்தில் வழங்கப்பட்டது. பதிவின்போது பத்து விரல்களின் ரேகையும், இரு கண்களின் கருவிழிப் படமும், முகப் படமும் எடுக்கப்படுகின்றன. இவை வாழ்நாள் முழுதும் மாறாதவை என்னும் எண்ணமே இம்முறையின் அடிப்படை.

முதுமை இந்த எண்ணத்தைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. வயது ஏற ஏறத் தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் குறைகின்றன. ரேகையின் மேடுகள் தட்டையாகின்றன. சுருக்கங்கள் குறுக்கே விழுகின்றன. செங்கல் சுமந்த கை, நாற்று நட்ட கை, சுண்ணாம்பிலும் சாம்பலிலும் புழங்கிய கை இன்னும் விரைவாகத் தேய்கிறது. கருவியின் கண்ணாடிமேல் விரலை வைத்தால் தெளிவான படம் விழுவதில்லை. கருவிழியோ ஓரளவு நம்பகமானது. எனினும் கண்புரை முற்றியவர்களிடமும், இமை தளர்ந்து கண்ணை மூடிக்கொள்பவர்களிடமும் அதுவும் தடுமாறக்கூடும். முதியவரின் விரலைத் துடைத்து, எண்ணெயோ நீரோ தடவி, ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது பல சேவை மையங்களில் அன்றாடக் காட்சியாயிற்று.

2021 நவம்பரில் முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் முறை அறிமுகப்படுத்தப்பட்டது. இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. முன்புறம் படமெடுக்கும் வசதியுள்ள ஸ்மார்ட்போன் போதும். எதிரே இருப்பது உயிருள்ள முகமே, நிழற்படம் அன்று, என்பதை உறுதி செய்துகொள்வதற்காகக் கண்ணிமைக்கும்படி அது கேட்கிறது. பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ தமது கைபேசியிலேயே இப்பணியைச் செய்து முடிக்கலாம். இதைப் பரப்புவதற்காக ஓய்வூதியர் நலத்துறை 2022இல் 37 நகரங்களிலும், 2023இல் 100 நகரங்களிலும், 2024இல் 800 நகரங்களிலும் ஊர்களிலும் நவம்பர் மாத முகாம்களை நடத்தியது. 2024ஆம் ஆண்டு இயக்கத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான மின்னணுச் சான்றிதழ்கள் பதிவாயின. முதியோருக்கென்று உருவான தொழில்நுட்ப ஏற்பாடுகளில் உண்மையான முன்னேற்றம் என்று தயங்காமல் சொல்லத்தக்கது இது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. காகித முறையில் வங்கி அலுவலரின் எதிரே முதியவர் வந்து நின்றார். கையெழுத்து கோணலாக இருந்தாலும், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், ஆள் உயிருடன் இருப்பதை அலுவலர் கண்ணால் கண்டார். கருவி அவ்வாறு காண்பதில்லை. அது தருவது பொருந்துகிறது, பொருந்தவில்லை என்னும் விடையை மட்டுமே. இறந்துபோனவருக்காகப் பிறர் விரல் வைத்தாலும் 'பொருந்தவில்லை'. உயிருடன் உள்ளவரின் ரேகை தேய்ந்திருந்தாலும் 'பொருந்தவில்லை'. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியவர் மனிதரே. அந்த மனிதருக்கு அதற்கான அதிகாரமும் நேரமும் தரப்பட்டுள்ளனவா என்பதில்தான் முதியவரின் அந்த மாத உணவும் மருந்தும் அடங்கியுள்ளன.

விதிகள் இதற்கு இடம் தந்திருக்கின்றன. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சரவைச் செயலகம் வெளியிட்ட அறிவுறுத்தலில், கைரேகை பொருந்தாதபோது கருவிழி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் ஆகியவற்றை முயல வேண்டும் என்றும், அவையும் இயலாவிடில் ஆதார் அட்டையைப் பார்த்துப் பயனை வழங்கி, அதனைத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் வழங்கிய ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சரிபார்ப்பு தவறிய காரணத்தால் தகுதியுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படலாகாது என்பதை ஏற்றுக்கொண்டது. பணியாற்றி ஈட்டிய ஓய்வூதியம் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவில் கூறப்படும் மானியம் போன்றதன்று, அது உரியவரின் உரிமை என்பதையும் பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்துரைத்தது. மாவட்ட, வட்டார அலுவலர்கள் இவ்விரண்டையும் கையில் வைத்திருப்பது நன்று. விதிவிலக்குப் பதிவேடு வெறுமையாக இருக்கும் அலுவலகம் பாராட்டத்தக்கது என்று எண்ணிவிடலாகாது. முதியோர் மிகுந்த வட்டாரத்தில் அது வெறுமையாக இருந்தால், பொருந்தாதவர்கள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கவும் கூடும்.

வறியோரின் முதியோர் உதவித்தொகை

மேற்சொன்ன வசதிகள் பெரும்பாலும் அரசுப் பணியிலோ அமைப்புசார் தொழிலிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு உரியவை. அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், சங்கம் உடையவர்கள், பணம் நின்றால் யாருக்கு எழுத வேண்டும் என்பதை அறிந்தவர்கள். 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் உதவித்தொகை பெறும் ஏழை முதியோரின் நிலை வேறு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் பயன் பெறுகின்றனர். 2011இல் வயது வரம்பு 65இலிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டது. அப்போது 80 வயதைக் கடந்தோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 500 ரூபாயாயிற்று. அதற்குக் குறைந்த வயதினருக்கு 200 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன.

இத்தொகை இப்போது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்கிறது. இடைத்தரகர் கை குறைந்தது பெரிய நன்மை. 2006இல் ரிசர்வ் வங்கி அளித்த இசைவினால் தோன்றிய வங்கி முகவர்கள், கிராமத்திலேயே கைக்கருவி மூலம் பணம் எடுத்துத் தருகின்றனர். ஆனால் இங்கும் ஒரு சிக்கல் மறைந்துள்ளது. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்லும். முதிய பெண் ஒருவர் ஏதோ ஒரு கடனுக்காகவோ எரிவாயு மானியத்துக்காகவோ வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, அங்கே ஆதார் இணைக்கப்பட்டுவிட்டால், உதவித்தொகை அவர் அறியாமலேயே அந்தப் புதிய கணக்கில் சேரத் தொடங்கும். பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாதந்தோறும் முகவரிடம் போய், 'இன்னும் வரவில்லை' என்ற விடையைப் பெற்றுத் திரும்புவார். அரசின் ஏட்டில் பணம் சேர்ந்துவிட்டது. அவருடைய கைக்கோ வரவில்லை. இதனைக் கண்டறியச் சில நிமிடங்கள் போதும். எந்த வங்கியுடன் ஆதார் இணைந்துள்ளது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். முகவர் தரும் அச்சுச் சீட்டைப் படித்துச் சொல்லவும், கருவி காட்டிய தொகையும் கையில் தந்த தொகையும் ஒன்றா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும். எழுத்தறிவு பெறாத 72 சதவீத முதிய பெண்களுக்கு அந்த ஒருவர் யார் என்பதை எந்தத் திட்ட வரைவும் தெளிவாகச் சொல்வதில்லை.

திரைவழி மருத்துவம்

மருத்துவத் துறையில் இணைப்பின் பயன் இன்னும் நேரடியானது. 2019 நவம்பரில் தொடங்கிய 'இ-சஞ்சீவனி' தொலைமருத்துவச் சேவையில் இரு வகைகள் உண்டு. ஒன்று, துணை நலவாழ்வு நிலையத்துக்கு வரும் நோயாளியை அங்குள்ள நலவாழ்வு அலுவலர் திரைவழியாக நகரத்து மருத்துவரிடம் காட்டுவது. மற்றொன்று, 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில் சேர்க்கப்பட்டது; நோயாளி தம் வீட்டிலிருந்தே மருத்துவருடன் பேசுவது. 2023 பிப்ரவரியில் ஆலோசனைகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது. பயன் பெற்றோரில் 57 சதவீதத்தினர் பெண்கள். ஏறத்தாழ 12 சதவீதத்தினர் மூத்த குடிமக்கள்.

முதியோரைப் பொறுத்தவரை இவ்விரு வகைகளில் முதலாவதே ஏற்றது எனலாம். காரணம் வெளிப்படை. குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து சொல்ல அங்கே ஒரு கை இருக்கிறது. மருத்துவர் கேட்டதை முதியவரின் பேச்சு வழக்கில் திருப்பிக் கேட்கவும், காது கேளாதவரிடம் உரக்கச் சொல்லவும், பழைய மாத்திரை உறையைத் திரைக்கு முன் பிடித்துக் காட்டவும் ஒருவர் இருக்கிறார். முதுமையின் நோய்கள் பெரும்பாலும் நீடித்தவை. மாதந்தோறும் மருந்தின் அளவைச் சரிபார்ப்பதே போதுமானது. அதற்காக 40 கிலோமீட்டர் பயணம் தேவையில்லை. புதிதாக ஏற்பட்ட மூச்சிரைப்பு, விழுந்து ஏற்பட்ட இடுப்பு வலி, திடீர்க் குழப்பம் போன்றவை திரைக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு ஊர்தி வேண்டும்.

2024 அக்டோபர் 29ஆம் நாள் முதல், வருமான வரம்பின்றி 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைக் காப்பு விரிவுபடுத்தப்பட்டது. இதற்கான பதிவும் ஆதார் சரிபார்ப்பின் வழியே நடப்பதனால், முன்னர்க் கண்ட ரேகைச் சிக்கல் இங்கும் எழக்கூடும்.

எழுத்தறிவு வேண்டாத இணைப்பு

எளிய கருவியான தொலைபேசியை மறந்துவிடலாகாது. 14567 என்னும் எண்ணில் இயங்கும் தேசிய முதியோர் உதவி இணைப்பு 2021 அக்டோபரில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. ஐதராபாத்தில் தொடங்கிய முயற்சியே இவ்வாறு விரிந்தது. சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பில், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இது இயங்குகிறது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ஓய்வூதிய விவரம், சட்ட வழிகாட்டல், மனத்துயர் கேட்டல் ஆகியவற்றோடு, கைவிடப்பட்டோரையும் கொடுமைக்கு உள்ளானோரையும் நேரில் சென்று மீட்பதும் இதன் பணி. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் கீழ் எந்தத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதையும் இங்கே கேட்டறியலாம். எழுத்து தெரிய வேண்டியதில்லை, கடவுச்சொல் தேவையில்லை, பத்து ஆண்டுப் பழைய பொத்தான் கைபேசி போதும்.

அதே தொலைபேசி வழியாகத்தான் ஏமாற்றுக்காரர்களும் வருகின்றனர். 'உங்கள் உயிர்வாழ் சான்றிதழைப் புதுப்பிக்கிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்று கேட்டு, ஓ.டி.பி. எண்ணைப் பெற்றுக் கணக்கைத் துடைத்துவிடுகின்றனர். எந்த அலுவலகமும் ஓய்வூதியரைத் தொலைபேசியில் அழைத்து அவ்வெண்ணைக் கேட்பதில்லை. நவம்பர் மாத முகாம்களில் இந்த ஒரு செய்தியை உரக்க அறிவிப்பது, எத்தனையோ துண்டறிக்கைகளை விடப் பயன் தரும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கென 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி ஓர் ஏற்பாட்டை வகுத்திருந்தது. 70 வயதைக் கடந்தோருக்கும் உடல் நலிந்தோருக்கும், பணம் கொண்டு கொடுத்தல், அடையாள ஆவணங்களைப் பெறுதல், உயிர்வாழ் சான்றிதழ் பெறுதல் ஆகிய அடிப்படைச் சேவைகளை அவர்தம் இல்லத்திலேயே அளிக்க வங்கிகள் முயல வேண்டும் என்பது அது. இவ்வேற்பாட்டைக் கிளையிலும் இணையதளத்திலும் அறிவிக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருக்கிறது. வங்கிக்கு வர இயலாதவர், கிளையின் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பை எவ்வாறு படிப்பார் என்பதற்கு அதில் விடையில்லை. ஊராட்சிச் செயலரிடமும் அஞ்சல்காரரிடமும் இச்சேவை அளிக்கும் கிளைகளின் பட்டியலைக் கொடுத்து வைப்பதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை.